பழைய சோதனைக் கருவிகளுக்கு மாற்றுக் கெப்பாசிட்டர் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெக்ட்ரானிக்ஸ் 465 ஆசிலோஸ்கோப்போ, ஹியூலெட் பேக்கர்டின் பழைய அதிர்வெண் கவுண்டரோ, ஃப்ளூக் மீட்டரோ கையில் வந்திருக்கிறது. மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிய அலுமினிய டப்பா மாதிரி ஒரு கெப்பாசிட்டர், அதன்மேல் இன்று எந்த விற்பனைப் பட்டியலிலும் இல்லாத ஒரு எண். பலரும் அந்த எண்ணை அப்படியே தேடித் தேடி அலுத்துப்போய், கடைசியில் எங்கோ யாரிடமோ கிடக்கும் நாற்பது வருடப் பழைய சரக்கை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது தேவையே இல்லை. கெப்பாசிட்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்தச் சுற்றில் அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். வேலை தெரிந்துவிட்டால் பொருத்தமான புதிய பாகம் அநேகமாக எல்லா இடத்துக்கும் கிடைக்கும், பல நேரம் பழையதைவிட நன்றாகவே இருக்கும்.

1. கை வைக்கும் முன் சார்ஜை இறக்குங்கள்

மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். வால்வு காலத்துக் கருவிகளில் 300, 400 வோல்ட் சாதாரணம். ஸ்குரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள், கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கைக்கும் கெடுதல். 10 கிலோ ஓம், 5 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட ரெசிஸ்டர் ஒன்றுக்கு நன்றாகக் காப்பிட்ட இரண்டு புரோப் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை அது சுமார் ஐந்து விநாடியில் காலி செய்துவிடும். பிறகு மீட்டரை வைத்து உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஆசிலோஸ்கோப்பின் படக்குழாய்ப் பகுதியில் கிலோவோல்ட் கணக்கில் இருக்கும், அதற்கு இந்த ரெசிஸ்டர் போதாது. அந்தப் பகுதியில் பழகாதவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிடலாம், அங்கே இருக்கும் செராமிக் வகைகள் பெரும்பாலும் மாற்றவும் வேண்டியிருக்காது.

2. எதை மாற்றுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடு" என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். ஒரு ரேடியோவுக்கு அது பரவாயில்லை. அளவீட்டுக் கருவிக்கு நான் அதை ஏற்க மாட்டேன். இதில் சில கெப்பாசிட்டர்கள் அளவீட்டின் துல்லியத்தையே தாங்கி நிற்பவை. நன்றாக இருக்கும் ஒன்றை மாற்றினால் கருவி இயங்கும், ஆனால் அது காட்டும் எண் பொய்யாகிவிடும். அதோடு பழைய பிசிபியில் (சுற்றுப் பலகையில்) ஒவ்வொரு முறை சூடு வைக்கும்போதும் செம்புப் பாதை உரிந்து வரும் ஆபத்து வேறு.

எனவே சந்தேகப்பட வேண்டிய வரிசை இது. மின்வழி (வீட்டு மின்சாரம்) உள்ளே வரும் இடத்தில் இருக்கும் ரீஃபா நிறுவனத்தின் மெட்டல் பூசிய காகித வகை, குறிப்பாக பிஎம்இ 271 வரிசை, முதலில். தேன் நிறத்தில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிசின் உறை இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த உறையில் மெல்லிய விரிசல்கள் வலை போலத் தெரியும். அந்த விரிசல் வழியே ஈரம் காகிதத்துக்குள் போய்விடுகிறது, பிறகு ஒருநாள் மின்சாரம் கொடுத்ததும் அடர்த்தியான, மூக்கைத் துளைக்கும் புகையோடு வெடிக்கும். இதைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் முறை ஆன் செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்து மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டர்களும், ஸ்பிரேக் நிறுவனத்தின் "பிளாக் பியூட்டி" என்று அழைக்கப்படும் கறுப்பு உருளை வகையும். டெக்ட்ரானிக்ஸின் வால்வு காலத்து 500 வரிசையில் இவற்றை நிறையப் பார்க்கலாம். மூன்றாவது துளி வடிவ டான்டலம். நான்காவதுதான் அலுமினிய எலக்ட்ரோலிடிக். மைக்கா, செராமிக், பாலிஸ்டைரீன் எல்லாம் கெட்டுவிட்டது என்று அளந்து நிரூபித்தால் தவிர தொடாதீர்கள்.

எலக்ட்ரோலிடிக்கை எப்படிச் சோதிப்பது? கருவி ஓரளவு இயங்கினால் முதல் வேலை ரிப்பிள், அதாவது டிசி வோல்டேஜில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம், அளப்பதுதான். சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு சப்ளைக்கும் எவ்வளவு ரிப்பிள் இருக்கலாம் என்று கொடுத்திருப்பார்கள். அதற்குள் இருந்தால் அந்தக் கெப்பாசிட்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ரெகுலேட்டருக்கு முன்னால் உள்ள பெரிய ஃபில்டருக்கு ஒரு எளிய கணக்கு போதும்: சுமை மின்னோட்டத்தை, ரெக்டிஃபை ஆன அதிர்வெண்ணாலும் கொள்ளளவாலும் வகுத்தால் ரிப்பிளின் உச்சிக்கு உச்சி அளவு கிடைக்கும். 1 ஆம்பியர் சுமை, 100 ஹெர்ட்ஸ், 4700 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 2.1 வோல்ட். நீங்கள் அளப்பது 5 வோல்ட் என்றால் பாதிக் கொள்ளளவுக்கு மேல் போய்விட்டது என்று பொருள்.

காகித வகைக்குக் கொள்ளளவு அளப்பதில் பயனில்லை, கசிவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு காலை மட்டும் கழற்றி, கெப்பாசிட்டருக்குத் தொடராக 10 மெகா ஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, அதன் முழு வேலை வோல்டேஜைக் கொடுங்கள். மீட்டரில் தெரியும் ஒவ்வொரு 1 வோல்ட்டும் 0.1 மைக்ரோஆம்பியர் கசிவு. முதலில் முள் துள்ளுவது மாதிரி எண் ஏறி, பிறகு இறங்கிக்கொண்டே வந்து மில்லிவோல்ட்டில் நின்றால் நல்ல கெப்பாசிட்டர். 10 வோல்ட்டில் வந்து நின்றுவிட்டால் 1 மைக்ரோஆம்பியர் கசிகிறது. கேட்பதற்குச் சின்ன அளவு, ஆனால் வால்வின் கிரிடில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அங்கே 1 வோல்ட் நகர்ந்துவிடும், வால்வின் வேலை நிலையைத் தீர்மானிக்கும் மொத்த பயாஸும் கெட்டுப்போகும்.

3. மேனுவலையும் பழைய எழுத்தையும் படிப்பது

மேனுவலின் பின்பகுதியில் உள்ள பாகப் பட்டியல் ஒரு தங்கச் சுரங்கம். டெக்ட்ரானிக்ஸ் எண் 290 என்று தொடங்கினால் எலக்ட்ரோலிடிக், 285 என்றால் காகிதம் அல்லது பிளாஸ்டிக் ஃபிலிம், 281, 283 என்றால் செராமிக். ஹியூலெட் பேக்கர்ட் பட்டியலில் 0180 என்று வந்தால் எலக்ட்ரோலிடிக், டான்டலமும் அதில் சேரும். 0160 என்றால் ஃபிலிம் அல்லது செராமிக். பக்கத்திலேயே தயாரிப்பாளரின் ஐந்து இலக்கக் குறியீடும் இருக்கும்: 80009 டெக்ட்ரானிக்ஸ், 28480 ஹியூலெட் பேக்கர்ட், 89536 ஃப்ளூக், 56289 ஸ்பிரேக். இந்தக் குறியீட்டில் கருவி செய்த நிறுவனம் அல்லாத பெயர் இருந்தால் அதிர்ஷ்டம், உண்மையில் யார் செய்தார்கள், அவர்களுடைய எண் என்ன என்பது அங்கேயே கிடைக்கும், அந்தப் பழைய கேட்டலாக்கை எடுத்து அளவுகளைப் பார்க்கலாம்.

கெப்பாசிட்டரின் மேல் உள்ள எழுத்தில் சில சிக்கல்கள் உண்டு. எம்எம்எஃப் என்று இரண்டு எம் இருந்தால் அது பிக்கோஃபாரட், ஒரே ஒரு எம் இருந்தால் மைக்ரோஃபாரட். 103கே என்றால் 10 நானோஃபாரட், கூடக் குறைய 10 சதவீதம். நான்கு இலக்கமாகத் தனியாக நிற்கும் எண் பெரும்பாலும் தேதி: 7423 என்றால் 1974-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதைக் கொள்ளளவு என்று எண்ணிவிட வேண்டாம்.

எலக்ட்ரோலிடிக் என்றால் சகிப்பு எல்லையையும் பாருங்கள். அந்தக் காலத்தில் 10 சதவீதம் குறையலாம், 100 சதவீதம் வரை கூடலாம் என்றெல்லாம் கொடுத்திருப்பார்கள். வடிவமைத்தவரே இரு மடங்கு வரை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஆகவே 50 மைக்ரோஃபாரட் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம், 47 போடலாம். 8-க்கு 10, 16-க்கு 22, 40-க்கு 47. ஃபிலிமில் 0.02-க்கு 0.022, 0.05-க்கு 0.047, 0.25-க்கு 0.22 அல்லது 0.27.

4. அலுமினிய எலக்ட்ரோலிடிக் தேர்வு

மாற்று வேலையின் பெரும்பகுதி இதுதான்.

வோல்டேஜ்: பழையதற்குச் சமம் அல்லது ஒரு படி அதிகம். 25-க்கு 35, 50-க்கு 63 சரி. 16 வோல்ட் இடத்தில் 400 வோல்ட் போடுவதில் லாபம் எதுவும் இல்லை, இடம்தான் அடைக்கும்.

கொள்ளளவு: ஃபில்டர் இடத்தில் சமமாகவோ ஒன்றரை மடங்கு வரையோ போகலாம். "பெரிதாகப் போட்டால் ரிப்பிள் குறையுமே" என்று நான்கு மடங்கு போடாதீர்கள். ரெக்டிஃபையர் வழியே போகும் மின்னோட்டத் துடிப்பு குறுகி உயரும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், ஆன் செய்யும் நொடியில் ஃப்யூஸ் போகும். வால்வு ரெக்டிஃபையர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், முதல் கெப்பாசிட்டருக்கு உச்ச அளவு அந்த வால்வின் டேட்டாஷீட்டிலேயே இருக்கும்.

ரிப்பிள் மின்னோட்டம்: இதைப் பார்க்காமல்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியே போகும் ரிப்பிள், சுமை எடுக்கும் டிசி மின்னோட்டத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 1 ஆம்பியர் சுமைக்கு 2 ஆம்பியர் தாங்கக்கூடியதைத் தேடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. குறைந்த ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள்தடை) வகைகளின் டேட்டாஷீட்டில் முதலில் கண்ணில் படும் ரிப்பிள் எண் 100 கிலோ ஹெர்ட்ஸுக்கானது. உங்கள் கருவியில் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை என்றால் அங்கே 100 அல்லது 120 ஹெர்ட்ஸ்தான், அந்த அதிர்வெண்ணில் தாங்கும் அளவு கணிசமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு அதே டேட்டாஷீட்டில் ஒரு பெருக்கு எண் அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துப் பெருக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

ஈஎஸ்ஆர்: ஸ்விட்சிங் சப்ளை உள்ள கருவிகளுக்குக் குறைந்த ஈஎஸ்ஆர் கட்டாயம். பழைய லீனியர் சப்ளைக்குச் சாதாரண வகையே போதும். டேட்டாஷீட்டில் ஈஎஸ்ஆர் கொடுக்காமல் டான் டெல்டா (இழப்பு விகிதம்) மட்டும் கொடுத்திருந்தால், அதை 6.28, அதிர்வெண், கொள்ளளவு மூன்றின் பெருக்கத்தால் வகுத்துக்கொள்ளலாம். 100 மைக்ரோஃபாரட், 120 ஹெர்ட்ஸில் டான் டெல்டா 0.10 என்றால் சுமார் 1.3 ஓம். ரெகுலேட்டரின் வெளியீட்டில் இருக்கும் கெப்பாசிட்டருக்கு மட்டும் மிகக் குறைந்த ஈஎஸ்ஆர் உள்ள பாலிமர் வகையோ பெரிய செராமிக்கோ போட அவசரப்படாதீர்கள். பழைய ரெகுலேட்டர் சுற்றுகள் சிலவற்றுக்குக் கெப்பாசிட்டரின் அந்தச் சிறு தடைதான் நிலைத்தன்மை தருகிறது. அது போய்விட்டால் ரெகுலேட்டரே ஆசிலேட் ஆகத் (தானாக அலைபாயத்) தொடங்கும்.

வெப்பம்: 105 டிகிரி வகையையே வாங்குங்கள், 85 டிகிரி வேண்டாம். பத்து டிகிரி குறைய குறைய ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இந்தக் கருவிகளின் உள்ளே சூடு அதிகம், மின்விசிறி இல்லாதவை வேறு நிறைய.

கடைசியாக உடல் அளவு. பழையவற்றில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கால் உள்ள ஆக்சியல் வகை நிறைய இருக்கும். விஷே போன்ற நிறுவனங்கள் இன்றும் அவற்றைச் செய்கின்றன. கிடைக்காவிட்டால் இரு காலும் ஒரே பக்கம் உள்ள ரேடியல் வகையை நிற்க வைத்து, ஒரு காலை நீட்டி ஸ்லீவ் போட்டு இறக்கலாம். அதிர்வில் ஆடாமல் இருக்க அடியில் நியூட்ரல் சிலிகான் சிறிது வைக்கவும், வினிகர் வாசம் வரும் சிலிகான் செம்பை அரிக்கும்.

5. பெரிய டப்பாக்கள்

ஸ்குரூ முனையுள்ள கம்ப்யூட்டர் கிரேடு டப்பா, அல்லது ஒரே டப்பாவில் மூன்று நான்கு பிரிவுகள் அடங்கிய வகை. இவற்றுக்கு நேர் மாற்று கிடைப்பதுதான் கஷ்டம். ஆனால் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதால் அதே கொள்ளளவு இன்று கால்வாசி இடத்தில் அடங்கிவிடும், அதுதான் நமக்குச் சாதகம்.

ஸ்குரூ வகைக்கு முதலில் இரு முனைகளின் மையத்துக்கு மையம் எவ்வளவு தூரம், திருகு மெட்ரிக்கா அங்குல வகையா என்று காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். பொருந்துவது கிடைக்காவிட்டால் வட்டமான ஒரு சிறு பிசிபி செய்து, அதில் 10 மில்லிமீட்டர் கால் இடைவெளி உள்ள ஸ்னேப் இன் வகை ஒன்றோ இரண்டோ இணையாகப் போட்டு, பழைய திருகுத் துளைகளிலேயே மாட்டிவிடலாம். பல கருவிகளில் அந்த டப்பாவின் முனைதான் பல இடங்களின் கிரவுண்டை ஒன்று சேர்க்கும் புள்ளி, அதனால் பிசிபியின் செம்பு அகலமாக இருக்கட்டும்.

பல பிரிவு டப்பாவுக்கு இரண்டு வழி. சேசிஸின் அடியில் இடம் இருந்தால் டேக் ஸ்ட்ரிப் ஒன்றில் தனித்தனிக் கெப்பாசிட்டர்களாகப் போடுங்கள், பழைய டப்பாவைத் தோற்றத்துக்காக அப்படியே விட்டு, அதன் இணைப்புகளை மட்டும் கழற்றிவிடுங்கள். பழையதோடு இணையாகப் புதியதைச் சேர்ப்பது கூடாது, பழையது கசிந்துகொண்டேதான் இருக்கும். இல்லையென்றால் டப்பாவை அடிப்பக்கம் அறுத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டுப் புதியவற்றை உள்ளே வைத்து மூடலாம். எனக்கு முதல் வழியே பிடிக்கும், நாளை இன்னொருவர் ரிப்பேர் செய்யத் திறந்தாலும் பார்த்ததும் புரியும். டப்பாவின் உடல் எல்லாக் கருவியிலும் கிரவுண்ட் என்று நினைத்துவிடாதீர்கள், சிலவற்றில் அது சேசிஸிலிருந்து காப்பிடப்பட்டிருக்கும்.

6. டான்டலம்

டான்டலம் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும், ஒரு முழு ரெயிலையே (ஒரு சப்ளை வோல்டேஜ் போகும் வழியையே) கீழே இழுத்துவிடும். 15 வோல்ட் ரெயிலில் 20 வோல்ட் டான்டலம் போட்டிருப்பதே மூல காரணம், இடைவெளி மிகக் குறைவு. ஒரே ரெயிலில் பல பலகைகளில் பத்துப் பதினைந்து இருந்தால் எது போயிற்று என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். கருவியை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து மின்னோட்ட வரம்பு உள்ள சப்ளையில் 1 வோல்ட்டுக்கு மேல் போகாமல் அரை ஆம்பியர் செலுத்துங்கள், பிறகு மில்லிவோல்ட் மீட்டரைச் செம்புப் பாதை வழியே நகர்த்திக்கொண்டே போங்கள். ஷார்ட் இருக்கும் இடம் வரை வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதைத் தாண்டினால் மாறாது.

மாற்றாகப் புதிய டான்டலம் என்றால் ரெயிலைப் போல இரு மடங்கு வோல்டேஜ் உள்ளதை வாங்குங்கள். சப்ளையின் இரைச்சலைக் கிரவுண்டுக்கு இறக்கும் பெரும்பாலான பைபாஸ் இடங்களில் 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் அலுமினியமே போதும். குறியைக் கவனியுங்கள்: டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ், அலுமினியத்தில் கோடு போட்ட பக்கம் மைனஸ். பழையதைப் பார்த்துக்கொண்டே புதியதை மாட்டுகிறவர்கள் தலைகீழாகப் போடுவது இங்கேதான். பிசிபியில் அச்சிட்ட பிளஸ் குறியை மட்டும் நம்புங்கள்.

7. மின்வழிக் கெப்பாசிட்டரும் ஃபிலிமும்

ரீஃபாவை எடுத்த இடத்தில் சான்றிதழ் குறிகள் அச்சிட்ட எக்ஸ் 2 (மின்வழியின் இரு கம்பிகளுக்கிடையே போடும் பாதுகாப்பு வகை) பாலிபுரோப்பிலின் போடுங்கள். பழையதன் கால் இடைவெளி பல நேரம் 20.3 மில்லிமீட்டராக இருக்கும், இன்றைய ஃபிலிமில் 22.5 கிடைக்கும், கால்களைச் சற்று உள்நோக்கி வளைத்தால் உட்காரும். மின்கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போகும் இடத்தில் ஒய் வகைதான், அதே கொள்ளளவில். அங்கே எக்ஸ் வகையையோ, 630 வோல்ட் என்று எழுதிய சாதாரண ஃபிலிமையோ எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது. அது ஷார்ட் ஆனால் கருவியின் உடல் முழுக்க மின்சாரம் வரும்.

காகித வகை இருந்த கப்ளிங் இடங்களுக்கு (ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சிக்னல் போகும் இடங்களுக்கு) பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலின், 400 அல்லது 630 வோல்ட். ஆசிலோஸ்கோப்பின் நேர அளவைத் தரும் டைம்பேஸ், டிவிஎம்மின் (டிஜிட்டல் வோல்ட்மீட்டரின்) இன்டெக்ரேட்டர் போன்ற இடங்களில் பாலியெஸ்டர் வேண்டாம், அது சார்ஜை இறக்கிய பிறகும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளும், அளவு சாயும். அங்கே பாலிஸ்டைரீன் இருந்தால் பாலிஸ்டைரீனே, இல்லாவிட்டால் பாலிபுரோப்பிலின். பழைய பாலிகார்பனேட்டுக்கு பிபிஎஸ் ஃபிலிம் நல்ல மாற்று. சிறு கொள்ளளவுக்கு சி0ஜி செராமிக். எக்ஸ் 7 ஆர் செராமிக் வோல்டேஜ் ஏற ஏறக் கொள்ளளவை இழக்கும், டைமிங் இடத்துக்கு ஆகாது.

8. வாங்கும்போது

டிஜி கீ, மவுசர் போன்ற பெரிய விநியோகஸ்தர்களின் தளத்தில் எண்ணைத் தட்டித் தேடாமல் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்: கொள்ளளவு, வோல்டேஜ், 105 டிகிரி, விட்டம், உயரம், கால் இடைவெளி என்று வரிசையாக. உயரத்தை மறந்துவிடுவது வழக்கம், மூடி மூடாமல் நிற்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

ஏல விற்பனையில் வரும் மலிவான பெரிய கெப்பாசிட்டர்களில் போலி அதிகம், பெரிய உறைக்குள் சிறிய கெப்பாசிட்டரை வைத்திருப்பார்கள். எடையும் ஈஎஸ்ஆரும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய இருப்பு எலக்ட்ரோலிடிக் வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும், அதையும் தொடர் ரெசிஸ்டர் ஒன்று வழியே மெதுவாக வோல்டேஜ் ஏற்றி, கசிவு இறங்கி நின்ற பிறகே மாட்ட வேண்டும்.

9. மாட்டுவதும் ஆன் செய்வதும்

முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, அப்புறம் அடுத்தது. டெக்ட்ரானிக்ஸ் 500 வரிசையில் வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் கால்களை சாலிடர் செய்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் வெள்ளிப் பூச்சு உண்டு, சாதாரண சாலிடரை அங்கே திரும்பத் திரும்பப் போட்டால் அது வெள்ளியைக் கரைத்துவிடும், பட்டை பிடிக்காமல் போகும். 2 அல்லது 3 சதவீதம் வெள்ளி கலந்த சாலிடர்தான் வேண்டும். அந்த நிறுவனமே ஒரு சிறு சுருளைக் கருவிக்குள் வைத்து அனுப்பியது, உள்பக்கம் தேடினால் இன்னும் இருக்கலாம்.

கசிந்த எலக்ட்ரோலைட் பிசிபியில் இருந்தால் சாலிடர் ஒட்டாது, சூடு வைத்தால் மீன் வாடை வரும். டெக்ட்ரானிக்ஸ் 2465பி-யின் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சிறிய மேற்பரப்பு வகைகள் இதற்குப் பேர்போனவை, செம்புப் பாதையையே தின்றுவிடும். அவற்றை எடுத்ததும் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர்களின் அடியிலும் பாருங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது லீனியர் சப்ளை என்றால் தொடரில் ஒரு குண்டு பல்பு போடுங்கள். எரிந்து உடனே மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். ஸ்விட்சிங் சப்ளைக்கு இந்த வழி ஒத்துவராது, குறைந்த வோல்டேஜில் அது தடுமாறும். அதை முழு மின்வழியில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியே, மேனுவல் சொல்லும் சுமையோடு சோதியுங்கள்.

அரை மணி நேரம் சூடான பிறகு ஒவ்வொரு ரெயிலின் வோல்டேஜையும் ரிப்பிளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் மேனுவலின் எல்லைக்குள் இருந்தால், சரியாக நடுவில் இல்லாவிட்டாலும், அட்ஜஸ்ட்மென்ட் திருகைத் தொடாதீர்கள், கருவியின் மற்ற எல்லாக் கேலிபரேஷனும் அந்த ரெயிலை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களைச் சுற்றுப் பெயர் எழுதிய உறைகளில் போட்டு, கருவி சில வாரம் ஒழுங்காக ஓடும் வரை வைத்திருங்கள். புதியவற்றின் எண், தேதி, மாற்றிய இடம் மூன்றையும் மேனுவலின் பாகப் பட்டியலிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள், அடுத்து அதைத் திறக்கப்போகிறவருக்குத் தேட வேண்டியிருக்காது.